நாலு நிமிஷ மாஸ்டர்

மாஸ்டர் எந்த இடத்துக்கும் பத்து நிமிடம் முன்னதாகவே போய்விடுவார் என்பது நாடறிந்த செய்தி. அந்தப் பத்து நிமிடத்தில் என்ன செய்வார் என்பது அவர் மனைவிக்கு மட்டும் தெரிந்த செய்தி. காரை விட்டு இறங்காமல், ஸ்டியரிங்கைப் பிடித்தபடி சும்மா உட்கார்ந்திருப்பார். நேரம் தவறாமைக்குப் பேர்போன மனிதருக்கு, மிச்சமான நேரத்தை வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று கடைசிவரை பிடிபடவில்லை.

தேசியப் பெண்கள் கூடைப்பந்து அணிக்குப் பத்தொன்பது ஆண்டுகள் பயிற்சியாளராக இருந்தவர். அதற்கு முன்னால் ஒரு பள்ளிக்கூடத்தில் பி.டி. மாஸ்டர். எத்தனையோ பட்டங்கள் வந்தும் ஒட்டிக்கொண்டது அந்த மாஸ்டர் மட்டும்தான். கூடைப்பந்துக்கு அவர் வந்ததற்கு லட்சியம் எதுவும் காரணமில்லை. அந்தப் பள்ளிக்கூடத்தில் கால்பந்துக்கு இடம் போதாது. பின்பக்கம் ஒரு சிமென்ட் தரையும் இரண்டு வளையங்களும் இருந்தன, ஒன்றுக்கு வலை கிடையாது. இருப்பதை வைத்து ஆட்டம் சொல்லிக்கொடுத்தார். தாமே பெரிய ஆட்டக்காரரும் இல்லை. "நின்னா சராசரி உயரம், குதிச்சா அதுவும் இல்ல" என்பது மனைவியின் மதிப்பீடு. ஆனால் அடுத்தவர் எந்த இடத்தில் சறுக்கப் போகிறார் என்பது சறுக்குவதற்கு முன்பே அவர் கண்ணில் பட்டுவிடும். பிறத்தியார் குறையைக் கண்டுபிடிக்கச் சம்பளம் கொடுக்கும் வேலைகள் உலகத்தில் கொஞ்சம்தான். அதில் ஒன்று அவருக்கு வாய்த்தது.

அவருடைய புகழுக்கு ஆணிவேர் ஒரே சம்பவம். அது பாடப்புத்தகத்தில் வந்திருக்கிறது. கம்பெனி அதிகாரிகளுக்கான பயிற்சி முகாம்களில் திரையில் போட்டுக் காட்டியிருக்கிறார்கள். சம்பவம் இதுதான். இருபத்தாறு வருடங்களுக்கு முன்னால், பெரிய போட்டி ஒன்றின் இறுதி ஆட்டம். அணியின் சிறந்த ஆட்டக்காரி, பதினோராம் எண் சட்டை போட்ட பெண், அன்று காலை அணியின் பஸ்ஸுக்கு நாலு நிமிடம் தாமதமாக வந்தாள். மாஸ்டர் ஒரு வார்த்தை பேசவில்லை. மாலையில், ஆட்டம் தொடங்கப் பத்து நிமிடம் இருக்கும்போது, "காலையில நாலு நிமிஷம் லேட். நீ இன்னிக்கு ஆடல" என்றார். நடுங்கிப்போன மற்ற பதினோரு பேரும் உயிரைக் கொடுத்து ஆடினார்கள். இரண்டு புள்ளியில் வெற்றி. கோப்பையை விட ஒழுக்கம் பெரிது என்று நினைத்தவனுக்குக் கோப்பையும் கிடைத்தது என்று எல்லாப் பத்திரிகைகளும் எழுதின. அன்றிலிருந்து அவர் நாலு நிமிஷ மாஸ்டர்.

கதையில் ஒரு சின்னக் குறைதான். மாஸ்டர் அந்தப் பெண்ணை நிறுத்தவே இல்லை. அவள் பெயரை எழுத மறந்துவிட்டார்.

கூடைப்பந்தில் ஆட்டம் தொடங்குமுன் பயிற்சியாளர் பன்னிரண்டு ஆட்டக்காரர்களின் பெயரை எழுதி, ஸ்கோர் மேஜையில் கொடுக்க வேண்டும். மேஜைக்காரர் அதை ஸ்கோர் தாளில் ஏற்றுவார். பயிற்சியாளர் பார்த்துக் கையெழுத்துப் போடுவார். போட்டபின் அதில் ஒரு பெயரைச் சேர்க்க ஆண்டவனாலும் ஆகாது. தாளில் இல்லாதவர் தரையில் இல்லை. அந்தக் காலத்தில் சட்டை எண்கள் நாலில் தொடங்கிப் பதினைந்தில் முடியும். மாஸ்டர் உடைமாற்றும் அறைக்கு வெளியே, சுவரில் காகிதத்தை வைத்து, நாலிலிருந்து வரிசையாக எழுதிக்கொண்டு வந்தார். எதிரணி பலமானது. தோற்றுவிட்டால் நிருபர்களிடம் என்ன சொல்வது என்ற வாக்கியத்தை மனம் ஒரு பக்கம் செதுக்கிக்கொண்டிருந்தது. பத்தாம் எண்ணை எழுதும்போது, 'எங்கள் பெண்கள் தலைநிமிர்ந்து தோற்றார்கள்' என்ற அருமையான வரி கிடைத்தது. அந்தச் சந்தோஷத்தில் அடுத்து பன்னிரண்டை எழுதினார்.

மேஜைக்காரர் கேட்கவும் செய்தார்: "பதினோரு பேர்தான் இருக்கு. சரிதானா சார்?"

"சரிதான்" என்று பார்க்காமலே சொல்லி, கையெழுத்துப் போட்டார். நம்மிடம் யாராவது 'சரிதானா' என்று கேட்டால் வருகிற பதில்தானே அது!

பத்து நிமிடம் இருக்கும்போது விஷயம் தெரிந்தது. திரும்பிப் பார்த்தார். பன்னிரண்டு பெண்களும் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். 'மறந்துட்டேம்மா' என்பது ஒரே சொல்தான். தேள் கொட்டிய திருடன் போல நின்றவரின் வாயில் வேறு ஏழு சொற்கள் வந்தன. அவை பாடப்புத்தகத்துக்குப் போயின.

பதினோராம் எண்ணுக்கு அணியின் பெஞ்சில் உட்காரவும் அனுமதி இல்லை. ஜாக்கெட் ஜிப்பைக் கழுத்துவரை இழுத்துக்கொண்டு பார்வையாளர் வரிசையில் உட்கார்ந்தாள். பரிசளிப்பின்போது தட்டில் பன்னிரண்டு பதக்கங்கள் வந்தன. தாளைப் பார்த்துப் பதினோரு பெயர்களைக் கூப்பிட்டார்கள். தட்டில் ஒன்று மிச்சம். தட்டை ஏந்தி நின்றவர் முழித்தார். பெரிய மனிதர் ஒருவர் சிரித்துக்கொண்டே அதை எடுத்து மாஸ்டர் கழுத்தில் போட்டார். பயிற்சியாளருக்குப் பதக்கம் கிடையாது என்பது விதி. விதியைக் காப்பாற்றியதற்காக விதியை மீறிக் கிடைத்த பதக்கம் என்று இதையும் ஒரு பத்திரிகை புகழ்ந்தது.

அதன்பின் மாஸ்டர் செய்ததெல்லாம் அந்தப் பொய்க்கு முட்டுக்கொடுப்பதுதான். ஒருத்தியை நாலு நிமிடத்துக்கு நிறுத்தியவர் இன்னொருத்தியை ஐந்து நிமிடத்துக்கு மன்னிக்க முடியாது. பஸ் வாசலில் கடிகாரத்தோடு நிற்க ஆரம்பித்தார். பட்டியலை மூன்று தடவை சரிபார்க்க ஆரம்பித்தார். கண்டிப்பு ஏறியது, அணியும் ஜெயித்துக்கொண்டே போனது. பொய்யில் முளைத்த ஒழுக்கம் நிஜமாகவே பலன் கொடுத்ததுதான் வேடிக்கை. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தவர், அந்தச் சோற்றைப் பதினேழு வருடம் ஊருக்கே பரிமாறினார்.

பதினோராம் எண் மட்டும் இரண்டே வருடத்தில் வெளியே போனாள். தேர்வுக் குழுவில் அவள் பெயர் வரும்போதெல்லாம், "திறமை இருக்கு, ஆனா..." என்று யாராவது இழுப்பார்கள். மாஸ்டரும் அந்தக் குழுவில் இருந்தார். அந்த 'ஆனா'வுக்குப் பின்னால் எதுவும் சேர்த்ததில்லை. அதை மறுத்ததும் இல்லை.

மாஸ்டர் ஓய்வு பெற்ற ஒன்பதாம் வருடம், கூடைப்பந்து சம்மேளனத்தின் செயலாளர் அவர் வீட்டுக்கு வந்தார். வழுக்கைத் தலை, வழுக்கிக்கொண்டு போகும் பேச்சு.

"மாஸ்டர், உங்க வாழ்க்கை வரலாறு அச்சுக்குப் போயாச்சு. தலைப்பு 'நாலு நிமிஷம்'. ஞாயித்துக்கிழமை வெளியீடு. ஒரே ஒரு குறை. அந்தப் பொண்ணு மேடையில வந்து நிக்கணும்."

"எந்தப் பொண்ணு?"

"என்ன மாஸ்டர், தெரியாத மாதிரி! பதினொண்ணு. 'மாஸ்டர் என்னைத் தண்டிச்சாரு, அதனாலதான் ஆளானேன்'னு ஒரு வரி சொன்னா போதும். மண்டபமே அழுதுரும். கைக்குட்டை கூட ஏற்பாடு பண்ணலாமான்னு யோசிக்கிறேன்."

"வருவாளா?"

"நான் கூப்பிட்டா வர மாட்டா. நீங்க கூப்பிடுங்க."

அவர் போனதும் மனைவி தேநீர்க் கோப்பைகளை எடுத்தபடி சொன்னாள்: "போறதுதான் போறீங்க, அந்தப் பதக்கத்தையும் எடுத்துக்கிட்டுப் போங்க."

"எதுக்கு?"

"இருபத்தாறு வருஷமா நான்தான் தூசி தட்டறேன். வர்றவங்களுக்கு மத்த கோப்பையெல்லாம் எடுத்துக் காட்டுவீங்க. அது பக்கம் மட்டும் உங்க கை போனதே இல்ல. என்ன கதைன்னு நான் கேக்கல. கேக்கக் கூடாதுன்னு தெரியற அளவுக்கு உங்களோட குடும்பம் நடத்தியிருக்கேன்."

பதினோராம் எண் இப்போது ஒரு பஸ் டிப்போவில் நேரக் கட்டுப்பாட்டு அதிகாரி. எந்த வண்டி எத்தனை மணிக்குக் கிளம்ப வேண்டும் என்று பார்ப்பதும், கிளம்பாவிட்டால் ஏன் என்று கேட்பதும் வேலை. மாஸ்டர் வழக்கம்போல முன்னதாகவே போய், காரில் உட்கார்ந்து, பதக்கத்தைச் சட்டைப் பையில் இரண்டு முறை தொட்டுப் பார்த்துவிட்டு இறங்கினார்.

கண்ணாடி ஜன்னல் வைத்த சின்ன அறை. ஒரு சுவரில் எண் போட்ட கொக்கிகளில் வண்டிச் சாவிகள். இன்னொரு சுவரோரம், பயணிகள் விட்டுவிட்டுப் போன பொருள்களுக்கான கண்ணாடி அலமாரி. குடைகள், ஒரு மூக்குக்கண்ணாடி, ஒற்றைச் செருப்பு. ஒருவர் ஒற்றைச் செருப்போடு எப்படி வீடு போய்ச் சேர்ந்தார் என்பது அலமாரிக்கே வெளிச்சம். உள்ளிருந்து அவள் குனிந்து வந்தாள். கதவு அவளுக்குப் போதுமான உயரம்தான், பழக்கத்தில் குனிந்தாள். தலை முக்கால்வாசி நரைத்திருந்தது.

"வாங்க சார். ரெண்டரைக்கு வர்றேன்னு சொன்னீங்க. ரெண்டு இருபதுக்கே வாசல்ல கார் நின்னுச்சு. சார் மாறலன்னு நெனச்சுக்கிட்டேன்."

மேஜைக்குப் பின்னால் பெரிய எழுத்தில் ஓர் அட்டை: 'நான்கு நிமிடம் என்பது நான்கு நிமிடம் அல்ல.' மாஸ்டர் ஏதோ ஒரு கூட்டத்தில் பேசியது. அப்போது என்ன அர்த்தத்தில் சொன்னோம் என்று இப்போது யோசித்துப் பார்த்தார், வரவில்லை.

"ஞாயித்துக்கிழமை கண்டிப்பா வர்றேன் சார். பேசவும் செய்றேன்" என்றாள், அவர் கேட்பதற்கு முன்பே. "அன்னிக்கு ஹோட்டல்ல லிஃப்ட் நின்னு போச்சு. ஒன்பதாவது மாடி. படியில ஓடி வந்தேன். லிஃப்ட் மேல பழி போடக் கூடாதுன்னு உங்ககிட்ட சொல்லல. முன்னாடியே கிளம்பியிருக்கணும், அதானே சார்? அதுக்கப்புறம் ஒரு நாள் கூட நான் லேட்டா போனதில்ல. என் கல்யாணத்துக்கு மண்டபத்துக்கு முதல்ல போனது நான்தான். வாட்ச்மேன் கதவு திறந்துவிட்டு, 'பொண்ணு வீட்டுக்காரங்களா?'ன்னு கேட்டாரு. 'பொண்ணே நான்தான்'னேன்."

மாஸ்டர் சிரிக்க முயன்றார்.

"போன மாசம் பாருங்க, ஒரு டிரைவர். பதினெட்டு வருஷ சர்வீஸ். கடற்கரை ரூட்டுல பழைய ஆளு. பாசஞ்சர் பாதிப் பேர் அவரோட சிநேகிதம். நாலு நிமிஷம் லேட்டா வண்டி எடுத்தாரு. பொண்ணுக்குக் காய்ச்சல்னாரு. நான் நம்ம கதையச் சொன்னேன். கடற்கரை ரூட்ட எடுத்துட்டு, ஆஸ்பத்திரிய சுத்திச் சுத்தி வர்ற வண்டியில போட்டேன். கண்ணு கலங்கிட்டாரு. அவருக்கும் புரிஞ்சுதுன்னு நெனக்கிறேன்."

அந்த டிரைவர் எதைப் புரிந்துகொண்டு கண் கலங்கினார் என்று மாஸ்டருக்கு நன்றாகவே புரிந்தது. இத்தனை வருடம் தன் பொய் தன் வீட்டு அலமாரிக்குள் இருக்கிறது என்றுதான் நினைத்திருந்தார். அது இங்கே ஒரு வண்டியை ஓட்டிக்கொண்டிருந்தது.

"நான் உன்ன நிறுத்தலம்மா" என்றார்.

"என்ன சார்?"

"உன் பேர எழுத மறந்துட்டேன். நாலுல ஆரம்பிச்சு வரிசையா எழுதிக்கிட்டு வந்தேன். பத்துக்கு அப்புறம் பன்னெண்டு எழுதிட்டேன். பாக்காம கையெழுத்தும் போட்டுட்டேன். எல்லாரும் என்னையே பாத்தீங்க. வாயில வந்தத சொல்லிட்டேன். நீ லேட்டா வந்தத காலையில நான் பெருசா எடுத்துக்கவே இல்ல."

ஜன்னலில் ஒருவர் விரலால் தட்டினார். அவள் எழுந்து நாற்பத்திரண்டாம் சாவியை எடுத்துக் கொடுத்தாள். "பிரேக் பாத்துட்டு எடுங்கண்ணே" என்றாள். குரல் மாறவில்லை. வந்து உட்கார்ந்தாள்.

"மறந்துட்டீங்க."

"ஆமா."

"அன்னிக்கு வரைக்கும் ரெண்டு வருஷம் உங்ககிட்ட ஆடினேன். ஒரு மேட்ச்ல கூட வெளிய உக்காந்ததில்ல."

"ஆமாம்மா."

"சார், தண்டிச்சீங்கன்னா என்னைக் கவனிச்சீங்கன்னு அர்த்தம். நான் முக்கியம், அதனாலதான் என்கிட்ட இவ்வளவு கண்டிப்புன்னு நெனச்சுக்கிட்டேன். அத வச்சுத்தான் இத்தனை நாள் ஓட்டினேன். இப்ப வந்து, நான் ஞாபகத்துலயே இல்லன்னு சொல்றீங்க."

மன்னிப்புக் கேட்கும் வாக்கியம் ஒன்றைக் காரிலேயே தயார் செய்து வைத்திருந்தார். நல்ல வாக்கியம்தான். தமக்கு நல்ல வாக்கியம் கிடைத்தால் என்ன நடக்கும் என்பது நினைவுக்கு வந்து, அதைச் சொல்லாமல் விட்டார். பையிலிருந்து பதக்கத்தை எடுத்து மேஜைமேல் வைத்தார். "இது உன்னோடது. தட்டுல மிச்சமானது."

அவள் அதைக் கையில் எடுக்காமல் பார்த்தாள். பிறகு ஒரு நீளப் பதிவேட்டைத் திறந்து, தேதி போட்டு, எழுதிக்கொண்டே உரக்க வாசித்தாள்: "பதக்கம், ஒண்ணு. நாடா சாயம் போனது." பேனாவை நிறுத்தி, "விட்டுட்டுப் போனவர் யாருன்னு ஒரு கட்டம் இருக்கு. தெரியாதுன்னு போட்டுக்கவா, உங்க பேர் போட்டுக்கவா?" என்றாள்.

"என் பேரையே போடு."

போட்டாள். பதக்கத்தை ஒற்றைச் செருப்புக்குப் பக்கத்தில் வைத்து அலமாரியைப் பூட்டினாள்.

"ஞாயித்துக்கிழமை வர்றேன் சார். ஆனா நான் பேச மாட்டேன். நீங்க பேசுங்க."

ஞாயிற்றுக்கிழமை ஆறு மணிக்கு மண்டபம் நிறைந்திருந்தது. மேடையில் ஒரே ஒரு நாற்காலி காலி. செயலாளர் கடிகாரத்தைப் பார்த்தார், மாஸ்டரைப் பார்த்தார், மறுபடி கடிகாரத்தைப் பார்த்தார். ஆறு மணி நாலு நிமிடத்துக்குப் பின்கதவு திறந்தது. அவள் நிதானமாக நடந்து வந்தாள். கூடவே சீருடையில் ஒரு மனிதர். வயது கிட்டத்தட்ட ஐம்பது, சட்டையில் டிப்போ முத்திரை. அவள் மேடை ஏறாமல் அவரோடு கடைசி வரிசையில் உட்கார்ந்தாள்.

செயலாளருக்கு வாய் சும்மா இருக்குமா? மைக்கைப் பிடித்தார். "நாலு நிமிஷம் லேட்! மாஸ்டர், என்ன தண்டனை?" மண்டபம் குலுங்கிச் சிரித்தது.

மாஸ்டர் எழுந்து போய் மைக்கை வாங்கினார். சுவரில் வைத்து எழுதிய காகிதம், பத்து, பன்னிரண்டு, 'சரிதானா சார்?', கையெழுத்து, மிச்சப் பதக்கம், தேர்வுக் குழுவில் வந்த 'ஆனா' என்று எல்லாவற்றையும் சொன்னார். அலங்காரம் இல்லாமல், பள்ளிக்கூட மாணவன் கண்ணாடி உடைத்ததைச் சொல்வது போலச் சொன்னார். "இந்தப் புத்தகத்துல முதல் அத்தியாயம் பொய். மத்ததெல்லாம் அந்தப் பொய்யைக் காப்பாத்த நான் பண்ணினது. அவ ஒழுக்கம் இல்லாதவ இல்ல. நான்தான் கவனம் இல்லாதவன்."

திட்டு வரும் என்று காத்திருந்தார். வந்தால் தாங்கிக்கொள்ளலாம், கொஞ்சம் பாரம் குறையும் என்று கூட ஒரு நப்பாசை. முன்வரிசையில் யாரோ ஒருவர் கை தட்டினார். பிறகு இருவர். பிறகு மண்டபமே எழுந்து நின்றது. செயலாளர் ஏற்பாடு செய்த கைக்குட்டைகள் வீண்போகவில்லை, முதலாவதை அவரே எடுத்துக்கொண்டார். "தன் தவறையே மேடையில் சொல்லும் தைரியம்! இதுவல்லவா ஒழுக்கம்! இரண்டாம் பதிப்பில் இதுதான் கடைசி அத்தியாயம்!" என்று தழுதழுத்தார். மாஸ்டர் "இல்ல, நான் சொல்ல வந்தது..." என்றார். கைதட்டலில் அது அமுங்கிப்போனது.

கடைசி வரிசையில் இரண்டு பேர் மட்டும் எழுந்திருக்கவில்லை.

கூட்டம் கலைந்தபின் வாசலில் அவளைத் தேடிப் பிடித்தார்.

"சார், இதுக்கும் கைதட்டு வாங்கிட்டீங்க."

அவள் கோபமாகச் சொல்லவில்லை. எதிரணி போட்ட நல்ல கூடையைப் பார்த்துச் சொல்கிற குரல். அதுதான் அவரைக் குத்தியது. பக்கத்தில் நின்ற டிரைவர் தொண்டையைச் செருமினார்.

"சார், நீங்க பெரியவங்க. கதையெல்லாம் கேட்டேன். நல்லாத்தான் இருந்துச்சு. எனக்கு ஒரு சந்தேகம். அந்தக் கதைய வச்சுத்தான மேடம் என் ரூட்ட மாத்தினாங்க. இப்ப கதையே இல்லைங்கறீங்க. அப்போ என் கடற்கரை ரூட்டு?"

மாஸ்டர் அவளைப் பார்த்தார்.

"உத்தரவு மேனேஜர் வரைக்கும் போயாச்சு சார். ரத்து பண்ணணும்னா காரணம் எழுதணும். நான் எழுதிட்டேன், என் தப்புன்னு. யார் பேச்ச நம்பி அப்படிப் பண்ணினேன்னு அவர் கேப்பாரு. அத நீங்கதான் எழுதிக் குடுக்கணும்."

மறுநாள் காலை ஏழு மணிக்கு மாஸ்டர் டிப்போவில் இருக்க வேண்டும். ஆறு ஐம்பதுக்கே கார் நின்றது. இந்தத் தடவை ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு உட்காராமல் உடனே இறங்கினார். செய்வதற்கு ஒரு வேலை இருந்தது.

அவள் நாற்காலியை இழுத்துப் போட்டாள். வெள்ளைத் தாள் ஒன்றும் பேனாவும் வைத்தாள். டிரைவர் ஜன்னலுக்கு வெளியே, ஆஸ்பத்திரி வண்டியின் சாவியை விரலில் சுற்றியபடி நின்றார். மாஸ்டர் பக்கவாட்டில் பார்த்தார். அலமாரியில் ஒற்றைச் செருப்பு இருந்தது. அதன் பக்கத்து இடம் காலியாக இருந்தது. யார் வந்து வாங்கிக்கொண்டு போனார்கள் என்று அவர் கேட்கவில்லை.

'மதிப்பிற்குரிய மேலாளர் அவர்களுக்கு' என்று தொடங்கினார். மூன்றாவது வரியில் கை நின்றது. ஒரு நல்ல வாக்கியம் வருவது போலிருந்தது. தலையை உதறிக்கொண்டு மறுபடி குனிந்தார்.

அவள் மைக்கில் ஏழு மணி வண்டியைக் கிளம்பச் சொல்லிவிட்டு, ஜன்னலுக்கு வெளியே நின்ற டிரைவரைப் பார்த்தபடி திரும்பினாள்.

"சார், அவரு பேர மட்டும் விட்டுராதீங்க."